படிப்பும் பயிற்சி வேலையும்: டிராப்டிங் மாணவருக்கு எந்த ஏற்பாடு ஒத்துவரும்?

"கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. ஒரு டிசைன் அலுவலகத்திலும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா? செய்தால் எப்படி?" டிராப்டிங் (தொழில்நுட்ப வரைபடம் போடுவது), டிசைன் பக்கம் வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. உதவித்தொகை எவ்வளவு, எத்தனை மாதம் என்று பேச்சு உடனே அங்கே போய்விடும். அதுவும் வேண்டியதுதான். நான் முதலில் திருப்பிக் கேட்பது வேறொன்று: நீங்கள் போட்ட டிராயிங் வெளியே போய், தப்போடு உங்கள் மேசைக்கே திரும்பி வர அந்த இடத்தில் எத்தனை நாள் ஆகும்?

நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு பிராக்கெட் வரைந்தேன். தகட்டை வெட்டி மடிக்கிற வேலை. 3 மடிப்பு, 4 ஓட்டை, அவ்வளவுதான். வலப்பக்கத் தோற்றத்தை முன்தோற்றத்துக்கு இடப்பக்கம் வைத்தால் முதல் கோண முறை, வலப்பக்கமே வைத்தால் மூன்றாம் கோண முறை. கல்லூரியில் முதல் கோண முறையில் பழகியவன் நான். அந்த அலுவலகத்தில் மூன்றாம் கோண முறை. டைட்டில் பிளாக்கின் (டிராயிங்கின் பெயர், எண் முதலிய விவரம் எழுதும் கட்டம்) மூலையில் அதற்கான வெட்டுக்கூம்புக் குறி இருந்தது. தினமும் கண்ணில் பட்டும் மனசில் பதியவில்லை. வலப்பக்கத் தோற்றத்தைக் கைப்பழக்கத்தில் முன்தோற்றத்துக்கு இடப்பக்கம் வைத்துவிட்டேன். செக்கர் (டிராயிங்கைச் சரிபார்ப்பவர்) அளவுகளை மட்டும் பார்த்துவிட்டு அவசரத்தில் கையெழுத்துப் போட்டார். அளவெல்லாம் சரியாகவே இருந்தது. 40 பீஸ் செய்து வந்தது, 40-ம் கண்ணாடியில் பார்த்ததுபோல இடவலம் மாறி. மேற்பார்வையாளர் திட்டவில்லை. ஒரு பீஸை என் கையில் கொடுத்து, "தம்பி, இதை டிராயிங் பக்கத்துல வச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் முதலில் அந்த மூலையைத்தான் பார்க்கிறேன்.

வரைந்து 9 நாளில் அந்தத் தப்பு என்னிடம் வந்துவிட்டது. அதுதான் என் அதிர்ஷ்டம். வரைவது, சரிபார்ப்பது, சிவப்புத் திருத்தம், வெளியீடு, செய்கிற இடத்திலிருந்து வரும் கேள்வி, ரிவிஷன் (திருத்திய பதிப்பு) என்று ஒரு டிராயிங் போய்த் திரும்புவதை நான் "சுற்று" என்பேன். தகட்டு வேலையில் ஒரு சுற்று சில நாளில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் முடியும். பிளாஸ்டிக் மோல்டு என்றால் மாதக்கணக்கு. கட்டடத்தில் அஸ்திவாரத்துக்கு இன்று வரைந்ததும் ஜன்னலுக்கு இன்று வரைந்ததும் ஒரே நேரத்தில் திரும்பி வராது. ஜன்னல் பொருந்தவில்லை என்ற போன் வர ஒரு வருடம்கூட ஆகலாம். எந்த ஏற்பாடு நல்லது என்ற கேள்விக்கு எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது என்பதற்கு இந்த வேறுபாடுதான் காரணம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் இந்தச் சுற்று. ஒரே இடத்தில் நீங்கள் இருக்கும் காலம், அங்கே நடக்கும் வேலையின் ஒரு சுற்றையாவது தாண்டவேண்டும். தாண்டாவிட்டால் நீங்கள் கிளம்பிய பிறகு தப்பு வேறொருவர் மேசையில் வந்து நிற்கும். பாடமும் அவருக்குத்தான்.

இரண்டாவது, சிவப்புப் பேனா யார் கையில் இருக்கிறது. "மேற்பார்வையின் கீழ் பயிற்சி" என்று எந்தச் சான்றிதழிலும் அச்சிடலாம். உண்மையான மேற்பார்வை என்பது ஒரு தாள். எம்6 போல்ட் சும்மா நுழைந்து போகவேண்டிய 6.6 மி.மீ. ஓட்டைக்கு நீங்கள் ±0.02 டாலரன்ஸ் (அளவு விலகக்கூடிய வரம்பு) என்று தேவையில்லாமல் இறுக்கமாகக் கொடுத்திருப்பீர்கள். அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் இருக்கும், பக்கத்தில் "எதுக்கு?" என்று எழுதியிருக்கும். ஒரே நீளத்தை இரண்டு தோற்றத்தில் குறித்திருந்தால் ஒன்றைச் செக்கர் அடித்திருப்பார். டேட்டம் (எல்லா அளவும் தொடங்கும் ஆதார இடம்) இல்லாமல் சங்கிலியாக அளவு போட்டிருந்தால், "கடைசி ஓட்டை எங்க போய் நிக்கும்னு கூட்டிப் பாத்தியா?" என்று இருக்கும். இப்படித் திருத்தின தாள் வாரத்துக்கு இரண்டு மூன்றாவது கைக்கு வரவேண்டும். வரவில்லையென்றால் அது பயிற்சி இல்லை, குறைந்த சம்பளத்து வேலை.

மூன்றாவது பணம். வருவதை மட்டும் பார்க்காமல், வேலைப் பருவத்திலும் கல்லூரிக்குக் கட்டணம் போகிறதா, அலுவலகம் வேறு ஊரில் என்றால் இரண்டாவது வாடகை உண்டா என்பதையும் சேர்த்துக் கூட்டவேண்டும்.

நான்காவது, செய்த வேலை கணக்கில் சேருமா. கல்லூரி அதற்கு மதிப்பெண் தருகிறதா என்பது ஒன்று. கட்டடக்கலை பக்கம் போகிறவர்களுக்கு உரிமம் என்று இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் கட்டடக்கலை உரிமத்துக்கான ஏஎக்ஸ்பி (AXP) என்ற அனுபவத் திட்டம் 3,740 மணி நேர அனுபவம் கேட்கிறது. படிக்கும்போதே செய்த வேலையையும் அதில் சேர்க்கலாம். ஆனால் மேற்பார்வையாளர் யார், அவருக்கு என்ன தகுதி, நீங்கள் எப்போது பதிவு செய்தீர்கள் என்பதெல்லாம் பார்ப்பார்கள். மூன்று வருடம் உழைத்துவிட்டு, கையெழுத்துப் போடத் தகுதியுள்ளவர் அந்த அலுவலகத்தில் யாருமே இல்லை என்று கடைசியில் கண்டுபிடித்தால் கதை முடிந்தது.

ஐந்தாவது, நடுவில் முறிந்தால் உங்கள் கையில் என்ன மிஞ்சும்.

## மாறி மாறி: ஒரு பருவம் வகுப்பு, ஒரு பருவம் வேலை

கோ-ஆப் என்றும் சாண்ட்விச் என்றும் சொல்வது இதைத்தான். இங்கிலாந்தின் சண்டர்லாந்து டெக்னிக்கல் கல்லூரியில் 1903-ல் இந்த வழி தொடங்கியது. அமெரிக்காவில் 1906-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 27 பொறியியல் மாணவர்களை வைத்து ஆரம்பித்தார். அவர் காலத்தில் மாற்றம் வாரத்துக்கு வாரம். ஒருவர் வகுப்பில் இருக்கும்போது அவருடைய ஜோடி பட்டறையில் இருப்பார். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். பட்டறைக்கு இருக்கை காலியாகாது. இப்போது மாற்றம் நீண்டுவிட்டது. 1957-ல் இதையே அடிப்படையாக வைத்துத் தொடங்கிய கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 4 மாதப் பருவங்கள். பிரிட்டனில் ஒரு முழு ஆண்டை வேலைக்கு ஒதுக்கினால் "தடித்த சாண்ட்விச்", துண்டு துண்டாகப் பிரித்தால் "மெல்லிய சாண்ட்விச்" என்று பெயரே உண்டு.

இதன் பெரிய பலம், வேலைப் பருவத்தில் நீங்கள் முழு ஆள். காலையில் இருப்பீர்கள், மாலையிலும் இருப்பீர்கள். அதனால் நம்பி ஒரு பகுதியை முழுதாகக் கொடுப்பார்கள். செக்கரிடமிருந்து திரும்பும் தாள் உங்களிடமே வரும். 4 மாதத்தில் முதல் மாதம் அந்த இடத்து கோப்புப் பெயர், லேயர் (கணினி வரைபடத்தின் அடுக்கு), டெம்ப்ளேட், யாரிடம் எதைக் கேட்பது என்பதிலேயே போய்விடும். மிச்சம் 3 மாதம். இயந்திர உதிரிபாகம், தகட்டு வேலை, ஜிக்-பிக்ஸ்சர் (வேலை நடக்கும்போது பாகத்தைப் பிடித்துவைக்கும் சாதனம்) மாதிரியான இடங்களில் அந்த 3 மாதத்துக்குள் பல சுற்றுகள் பார்த்துவிடலாம். கட்டடம், பாலம் என்றால் ஒன்றுகூட முழுதாகக் கிடைக்காது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. சில பாடங்களை வருடத்துக்கு ஒருமுறைதான் நடத்துவார்கள். அந்தப் பருவத்தில் நீங்கள் வேலையில் இருந்தால் ஒரு பாடத்துக்காகப் படிப்பே ஒரு வருடம் தள்ளிப்போகலாம். சேர்வதற்கு முன்பே முழுக் கால அட்டவணையையும் விரித்துவைத்துப் பார்க்காதவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். இன்னொன்று, 4 மாதம் கணக்கைத் தொடாமல் இருந்துவிட்டு நேராக மெட்டீரியல் ஸ்ட்ரெங்த் வகுப்பில் போய் உட்காரும் கஷ்டம். முதல் இரண்டு வாரம் தலை சுற்றும்.

ஒவ்வொரு பருவத்துக்கும் வேறு நிறுவனம் போய்ப் பார்ப்பதா, ஒரே இடத்துக்குத் திரும்பிப் போவதா என்ற கேள்வியும் வரும். எந்தத் துறை என்று முடிவாகாதவர் மாறலாம். மற்றவர்கள் இரண்டாம் முறையும் பழைய இடத்துக்கே போங்கள் என்பேன். போன முறை நீங்கள் வரைந்தது இப்போது ரிவிஷன் சி-யில் நிற்கும். ஏ-யிலிருந்து சி வரை ஏன் வந்தது என்று டிராயிங்கில் ரிவிஷன் குறிக்கும் கட்டத்தைப் படித்தாலே அரைப் பருவப் பாடம்.

## பாதிப் பாதி: படிக்கிற வாரத்திலேயே வேலையும்

காலையில் வகுப்பு, மதியம் அலுவலகம். அல்லது வாரத்தில் 2 நாள் அலுவலகம். கேட்க அழகாக இருக்கும். என் அனுபவத்தில் அதிகம் பேர் ஏமாறுவதும் இதில்தான்.

எப்படி என்று சொல்கிறேன். நீங்கள் மாலை 6 மணிக்கு டிராயிங்கை முடித்து செக்கர் தட்டில் வைத்துவிட்டுப் போகிறீர்கள். அவர் மறுநாள் காலை சிவப்பில் திருத்துகிறார். நீங்கள் அப்போது வகுப்பில். வெளியே அனுப்ப அவசரம், பக்கத்து இருக்கைக்காரர் 10 நிமிடத்தில் திருத்தி அனுப்பிவிடுகிறார். மதியம் நீங்கள் வரும்போது தாளும் இல்லை, தப்பும் இல்லை, அடுத்த வேலை காத்திருக்கிறது. இப்படி நாலு தடவை நடந்தால், உங்களுக்கு அவசரமில்லாத வேலைதான் வரும்: ஸ்கேன் செய்த பழைய தாள்களை மறுபடி வரைவது, லேயர் சுத்தம் செய்வது, பிரின்ட் எடுத்து மடிப்பது. ஏ1 தாளை டைட்டில் பிளாக் வெளியே தெரிகிறபடி ஏ4 அளவுக்கு மடிக்க நன்றாகவே வந்துவிடும், அது வேறு விஷயம்.

அப்படியும் இதை ஒதுக்கிவிட முடியாது. காலண்டரில் இது நீளம். மூன்று வருடம் ஒரே கட்டட அலுவலகத்தில் விட்டு விட்டு வேலை செய்தவர், ஒரு கட்டடம் ஸ்கெட்ச் நிலையிலிருந்து சாவி கொடுக்கும் வரை போவதைப் பார்த்திருப்பார். 4 மாதப் பருவக்காரருக்கு அது வாய்க்காது. ஆகவே சுற்று நீளமான துறைகளுக்கு இது பொருந்தும், இரண்டு நிபந்தனையோடு. அரை நாள்களாக வேண்டாம், முழு நாள்களாகக் கேளுங்கள். அடுத்தடுத்த 2 நாளாக இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், உங்கள் டிராயிங்கை வேறு யார் திருத்தினாலும் சிவப்புத் தாளை மட்டும் உங்கள் டிராயரில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். சொன்னால் செய்வார்கள். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

பயண நேரம், தேர்வு வாரத்தில் விடுப்பு, தூக்கம் இவையெல்லாம் தெரிந்த செலவுகள். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

## அப்ரண்டிஸ்: வேலை முதலில், வகுப்பு வாரத்தில் ஒன்றிரண்டு நாள்

நீங்கள் முதலில் நிறுவனத்தின் ஆள், அப்புறம்தான் மாணவர். இதை நன்றாக நடத்துகிற நாடு ஜெர்மனி. அங்கே நிறுவனத்தோடு பயிற்சி ஒப்பந்தம், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் அல்லது தொகுப்பாகச் சில வாரம் தொழிற்பள்ளி, முடிவில் பொதுத் தேர்வு. இந்தத் துறையில் கவனிக்கவேண்டிய ஒன்று, அங்கே "தொழில்நுட்ப வரைவாளர்" என்ற பழைய பயிற்சியை 2011-ல் எடுத்துவிட்டு "தொழில்நுட்பப் பொருள் வடிவமைப்பாளர்", "தொழில்நுட்ப அமைப்புத் திட்டமிடுநர்" என்று இரண்டாக்கினார்கள். பயிற்சி மூன்றரை ஆண்டு. பெயர் மாறியதற்குப் பின்னால் வேலையே மாறியிருக்கிறது. இன்னொருவர் யோசித்ததை மை போட்டுக் கொடுக்கும் இருக்கை போய்விட்டது; கணினியில் 3டி மாடலைக் கட்டி, அதிலிருந்து டிராயிங்கை எடுக்கிறவர்தான் வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் சேர்ந்தாலும், அப்ரண்டிஸ் இடத்தில் மாடலும் உங்கள் கையில் வருமா, 2டி தாள் மட்டும்தானா என்று கேட்டுவிடுங்கள்.

சுற்று, சிவப்புப் பேனா, சம்பளம் மூன்றிலும் இதை அடிக்க ஆளில்லை. பட்டறைக்கு இறங்கிப் போய், "இந்த உள்மூலையில் ஆரம் கொடுக்காமல் விட்டால் கட்டர் எப்படிப் போகும்?" என்று மெஷின்காரர் கேட்பதை நின்று கேட்க நேரம் இருக்கும். வகுப்பில் பத்து ஸ்லைடு போட்டாலும் மூலை ஆரம் இப்படிப் பதியாது.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் வழக்கம் உங்கள் இலக்கணமாகிவிடும். அங்கே எல்லாருக்கும் தெரியும் என்று டிராயிங்கில் எழுதாமல் விடுவது அடுத்த இடத்தில் தப்பாகிவிடும். கணக்கும் விசையியலும் மெதுவாக வரும். டிசைன் இன்ஜினியர் பதவிக்குப் பட்டம் கேட்கிற இடங்களில் பிறகு மேற்படிப்பு தேவைப்படும். இங்கே பெறும் தகுதி அந்தப் பட்டத்தில் எத்தனை பாடத்துக்குச் சமமாகும் என்று கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பெரிய ஆபத்து முறிவு. நிறுவனம் ஆள் குறைத்தால் மற்ற ஏற்பாட்டில் வேலைதான் போகும். இதில் படிப்பும் சேர்ந்து ஆடும். ஒப்பந்தத்தில் வேறு நிறுவனத்துக்கு மாறிப் பயிற்சியைத் தொடர வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் மாதமே வருமானம் வேண்டும், இந்தத் தொழில்தான் என்று முடிவும் ஆகிவிட்டது என்பவருக்கு இதுதான். 17 வயதில் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவருக்கு வேண்டாம்.

## கடைசிப் பருவ இன்டர்ன்ஷிப்

படிப்பு குலையாது, வருடம் நீளாது, முறிந்தாலும் இழப்பு குறைவு. ஆனால் 6 வாரம் என்றால் அது அறிமுகம்தான். கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பது. 6 மாதம் என்றால் பேசலாம். கல்லூரியில் இதைவிட்டால் வழியில்லை என்றால் இரண்டு விடுமுறையிலும் ஒரே அலுவலகத்துக்குப் போய், கடைசிப் பருவத்தையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட முதல் ஏற்பாட்டின் பலனைக் குறைந்த விலையில் எடுத்துவிடலாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | மாறி மாறி | பாதிப் பாதி | அப்ரண்டிஸ் | கடைசிப் பருவம் |
|---|---|---|---|---|
| ஒரே இடத்தில் தொடர்ச்சி | 4 முதல் 12 மாதம் | வருடங்கள், ஆனால் துண்டு துண்டாக | 2 முதல் 4 ஆண்டு | 6 வாரம் முதல் 6 மாதம் |
| திருத்திய தாள் உங்களிடமே வருமா | வரும் | பாதி தவறிவிடும் | வரும் | வரும், எண்ணிக்கை குறைவு |
| சம்பளம் | வேலைப் பருவத்தில் மட்டும் | மணிக்கணக்கில் | தொடக்கத்திலிருந்தே | குறைவு, சில இடங்களில் இல்லை |
| படிப்பு நீளுமா | பெரும்பாலும் நீளும் | பாடம் விட்டால் நீளும் | பட்டம் வேண்டுமென்றால் நீளும் | நீளாது |
| முறிந்தால் | கல்லூரி பத்திரம் | கல்லூரி பத்திரம் | இரண்டும் ஆடும் | இழப்பு குறைவு |
| பொருந்தும் வேலை | உதிரிபாகம், தகடு, ஜிக் | கட்டடம், உள்வடிவமைப்பு | கருவி, மோல்டு, இயந்திரம் | துறை பார்த்து அறிய |

## எந்த ஏற்பாட்டிலும் ஒளிந்திருக்கும் இரண்டு

ஒன்று, மென்பொருள். மாணவர் உரிமத்தில் இலவசமாகவோ குறைந்த விலையிலோ கிடைக்கும் ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் எல்லாம் படிப்புக்கு மட்டும். "உன் லேப்டாப்பிலேயே செய்துவிடு" என்று நிறுவனம் சொன்னால், அது உரிம மீறல், உங்கள் பெயரில். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். உங்களுக்கு ஒரு உரிமம்கூட வாங்கித் தராத இடத்தில் உங்களுக்கென்று ஒரு மேற்பார்வையாளரை ஒதுக்குவார்களா என்றும் யோசியுங்கள்.

இன்னொன்று போர்ட்போலியோ. அலுவலகத்தில் வரைந்தது அலுவலகத்தின் சொத்து. இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு நேர்முகத்தில் காட்ட ஒரு தாள்கூட இல்லாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்தெந்தத் தாளை, டைட்டில் பிளாக்கை எடுத்துவிட்டு, வெளியே காட்டலாம் என்று கிளம்புவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் வீட்டில் இருக்கும் ஒரு குழாயையோ சைக்கிள் பிரேக்கையோ கழற்றி, வெர்னியரில் அளந்து, அசெம்பிளியும் பாகப் பட்டியலுமாக முழுதாக வரையுங்கள். நேர்முகத்தில் கேட்பவர் அதைப் பார்த்தாலே உங்கள் கை தெரிந்துவிடும்.

## முடிவெடுக்கும் முன் ஒரு நடை

இரண்டு ஏற்பாட்டுக்கு நடுவில் இன்னும் தடுமாற்றம் என்றால் தாளில் யோசித்தது போதும், அந்த அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். பயிற்சிப் பொறுப்பாளரிடம் கேட்பதைக் கேட்டுவிட்டு, இப்போது அங்கே பயிற்சியில் இருப்பவரோடு பத்து நிமிடம் தனியாகப் பேச அனுமதி வாங்குங்கள். "கடைசியா உங்க டிராயிங்ல என்ன தப்பு திரும்பி வந்துச்சு?" என்று கேளுங்கள். அவர் சிரித்துக்கொண்டே மேசை டிராயரைத் திறந்து ஒரு சிவப்புத் தாளை எடுத்துக் காட்டினால் எந்த ஏற்பாட்டிலும் அங்கே சேரலாம். "எனக்குத் தப்பெல்லாம் வந்ததில்லைங்க" என்றால், அவர் தாளை யாருமே பார்ப்பதில்லை.